கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாளா?

கேட் குலுங்கும் சத்தம்தான் முதலில் வரும். குலுக்குகிற ஆள் அப்புறம்தான் தெரிவான். ஆரம்பாக்கம் பக்கம் ஒரு குடிநிறுத்த இல்லத்தில் நான் இரவுக் காவல். அழுகிறவனையும் அதட்டுகிறவனையும் ஒரே சம்பளத்தில் சமாளிக்கும் உத்தியோகம். இரவு ஷிப்டு பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

சரக்கு கேட்கிறானாம்

லைட்ஹவுஸ் குப்பத்து ஏழுமலையை அவன் பொண்டாட்டி செல்வி கொண்டுவந்து சேர்த்த சாயங்காலம், அவன் கேட்டைப் பிடித்து ஒரே ஆட்டு. எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "இங்க ஒரு சொட்டு கிடைக்காது, போய்ப் படு" என்று அதட்டினேன். புழுவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"சரக்கு எவனுக்கு வோணும் நைனா? என்னை வுட்டுட்டுப் பூட்டாளா, திரும்பி வருவாளா, அத்தச் சொல்லு."

மூன்று வட்டம்

எங்கள் ஆலோசகர் சார் பலகையில் மூன்று வட்டம் போட்டு முடிக்காத வியாதி கிடையாது. சின்ன வயதிலேயே ஏழுமலையை அவன் அம்மா விட்டுப் போய்விட்டாள் என்று கேட்டதும் அவருக்குப் பரம சந்தோஷம். முதல் வட்டம் கைவிடப்படும் பயம், இரண்டாவது குடி, மூன்றாவது குணம். குணமாவதற்காக, செல்வி ஒரு வாரம் வரக்கூடாது என்று உத்தரவு வேறு. கைவிட்டுவிடுவார்களோ என்று நடுங்குகிறவனுக்கு எப்பேர்ப்பட்ட வைத்தியம்!

ஏழுமலை சோற்றைத் தொடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "பயத்துக்குத்தான் சார் குடிச்சேன். நீ சரக்கப் புடுங்கிக்கினு பயத்த எங்கிட்டயே வுட்டுட்டியே."

நண்டுக் குழம்பு

உத்தரவை மதிக்காமல் செல்வி வந்தாள். தூக்கில் நண்டுக் குழம்பு. குழம்புக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய குவார்ட்டர் பாட்டில். அதைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, "நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?" என்று கத்தினேன். எனக்கு வாய்த்தவள் சொல்லாமலே போனவள். பொண்டாட்டி லட்சணம் பேச நான் வந்துவிட்டேன். செல்வி அழவில்லை.

"குடிச்சா எங்க வுயுந்தாலும் என்னைத் தேடித்தான் வரான்ணா. தெளிஞ்சிட்டு, இவகிட்ட இன்னா கீதுன்னு பூட்டான்னா?"

வலை

மறுநாள் சாயங்காலம் கிழிந்த நண்டு வலையோடு வந்தாள். கேட்டுக்கு வெளியே குந்தி, வலையின் மறுமுனையைக் கம்பிக்குள் ஏழுமலை பக்கம் தள்ளினாள். "நான் எங்கயும் போவல. நீயும் போவாத. சும்மா அழுவாம இத்தப் பின்னு." சரக்கில்லாத விரலில் அவனுக்கு முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது, அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். இருட்டுவதற்குள் அவனே சோறு கேட்டு வாங்கித் தின்றான்.

சார் வந்தார். மூன்றாவது வட்டத்தில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். "பார்த்தியாப்பா, என் கவுன்சலிங் எப்படி வேலை செய்யுதுன்னு!"

பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிடுகிற தொழில் இது என்று முனகிக்கொண்டே, கேட்டடியில் சிதறிக் கிடந்த நைலான் துண்டுகளைப் பெருக்கத் தொடங்கினேன்.