நீச்சல் குளத்தில் எண்ணெய்க் குளியல்

சுங்கை பட்டாணியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்புறம் ஒரு சிறிய நீச்சல் குளம் இருந்தது. எங்கள் பரம்பரையில் யாரும் குளம் வைத்துப் பிழைத்ததில்லை. அதனால் அதை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் தண்ணீர் பச்சையானது, பிறகு தவளை குடியேறியது. "கொசு வந்துச்சுன்னா டெங்கி ஆபிசர் வாசல்ல வந்து நிப்பாரு. தீபாவளிக்குள்ள தண்ணி தெளியலன்னா, லோரியில மண்ண கொண்டாந்து கொட்டி வாழைக்கன்னு நட்டுருவேன்" என்றார் அம்மா. சொன்னால் செய்கிறவர். கன்றுகள் அந்த வாரமே வேலியோரம் வந்து சேர்ந்தன.

அப்பாவுக்கோ அந்தக் குளத்தின்மேல் அப்படியொரு ஆசை. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் வலையால் இலைகளை அள்ளுவார், சுவர்ப் பாசியைத் தேய்ப்பார், வெயில் தாழ்ந்த பிறகு குளோரின் போடுவார். சோதனைத் தாளைத் தண்ணீரில் முக்கி அதன் நிறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மகளான என் காய்ச்சலுக்குக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டதில்லை. எனக்குக் குளத்தின்மேல் பொறாமையாக இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் குளத்தின் அடியில் பதித்த ஓடுகள் பளிச்சென்று தெரிந்தன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ம்... விடியட்டும், பாப்போம்" என்றார்.

விடிவதற்குள் கோலா கெத்திலிலிருந்து பெரியப்பா குடும்பம் வேன் நிறைய வந்து இறங்கியது. மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா எல்லார் தலையிலும் நல்லெண்ணெய் வைத்தார், அப்பாவுக்குக் காது வழிய. வீட்டில் இருந்ததோ ஒரே குளியலறை.

"பின்னால இம்புட்டுத் தண்ணிய வச்சிக்கிட்டு எதுக்கு லா வரிசையில நிக்கிறீங்க?" என்ற பெரியப்பா, சீயக்காய்க் கிண்ணத்தோடு குளத்தில் இறங்கிவிட்டார்.

"அண்ணே..." என்று தொடங்கிய அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார். அண்ணனை மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. வேன் மொத்தமும் தண்ணீருக்குள் போனது. கடைசியில் பெரியம்மா அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். அதுவரை அதில் கால்கூட நனைக்காத அம்மா, எண்ணெய்த் தலையோடு கழுத்தளவு நின்று, பெரியம்மா முகத்தில் தண்ணீரை வாரி அடித்து, மூச்சு வாங்கச் சிரித்தார். அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெயில் ஏறியபோது குளத்தில் ரசம்போல் ஏதோ மினுமினுத்துக்கொண்டிருந்தது. பம்பு இரண்டு முறை முனகிவிட்டு நின்றுபோனது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு, அப்பா ஃபில்டரைக் கழற்றி, அதன் மடிப்புகளில் அப்பியிருந்த சீயக்காயை ரப்பர் குழாயால் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். முறுக்குத் தட்டோடு வந்த அம்மா குளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த வருசம் சீயக்காய மட்டும் வெளியவே தேச்சு அலசிட்டு எறங்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பாவை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாள் பாடுபட்டுத் தோற்றுப்போனாரே என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவரோ வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். துக்கம் தாங்காமல்தான் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.