செத்தவீட்டில் தட்டிய கும்மி

அப்பாவின் செத்தவீட்டில் அம்மா ஆடினார் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற அண்ணன் பார்ப்பதற்காகப் பிடித்த வீடியோ சொந்தக்காரர்களின் போன்களில் எல்லாம் சுற்றிவந்ததால் அவர்களிடம் அதற்குச் சாட்சியும் உண்டு. அதில் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், காலை எடுத்து வைத்து, சற்றே குனிந்து நிமிர்ந்து, முற்றத்துப் பந்தலில் கிடந்த அப்பாவின் பெட்டியை நோக்கிப் போகிறார். பக்கத்தில் நான் கை தட்டிக்கொண்டு போகிறேன். நடந்தது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏன் அப்படி நடந்தது என்று என்னிடம் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கேட்காமலே கதைப்பதில் எங்கள் ஆட்களை வெல்ல முடியாது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக் காலத்தில் பஸ் எந்த ஊரோடு திரும்பியதோ அந்த ஊர்வரை ஓடினார். பிறகு பாதை திறந்ததும் கடைசி ஊர்வரை ஓடினார். இணுவிலில் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் அவர் திரும்பும்போதே குரல் அடுப்படிவரை வந்துவிடும். ஆட்கள் ஏறவும் இறங்கவும் சுணங்கினால் அவருக்குப் பொறுக்காது. வீட்டிலும் எங்களைப் பயணிகளாகத்தான் நடத்தினார். "கெதியா, கெதியா, ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்" என்பார். யார் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்டால் இன்னொரு "கெதியா" வரும். அந்த அவசரத்துக்கு ஈடுகொடுத்தவர் அம்மா ஒருவர்தான். அவர் நடப்பதே ஓட்டமாக இருக்கும். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் இடையில் அவரைப் பிடித்து நிறுத்தி ஒரு கதை கதைக்க முடியாது.

அந்தக் கால்களைத்தான் நோய் வருத்தம் பிடித்தது. முதலில் வலக்கை விரல்கள் நடுங்கின. பிறகு அடி சின்னதாகி, வாசலடியில் வந்ததும் அப்படியே நின்றுவிடத் தொடங்கினார். பார்க்கின்சன் நோய் என்று டொக்டர் சொன்னார். மனம் போ என்று சொன்னாலும் கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டதுபோல நிற்குமாம். முகத்துத் தசைகளும் இறுகிப்போய்ச் சிரிப்பும் அழுகையும் வெளியில் தெரியாதாம். வீட்டுக்கு வந்த மாமி, அதாவது அப்பாவின் தங்கச்சி, "மச்சாளுக்கு என்னிலை என்ன கோபம், முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்காமல் போனார். விளக்கிச் சொல்லியும் அவர் நம்பவில்லை. அப்பாவோ வாசலில் நிற்கிற அம்மாவைப் பார்த்து "கெதியா வாவனப்பா" என்று கத்துவார். அவர் கத்தக் கத்த அம்மாவின் கால் இன்னும் இறுகும். கடைசியில் கையைப் பிடித்து இழுப்பார். இரண்டு தடவை அம்மா விழுந்தார். இரண்டாம் தடவை அம்மாவின் நெற்றியில் தையல் போட்டபோது, அப்பா வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். அதற்கு முன்பு அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்புக்குப் போகத் தொடங்கினோம். இதே வருத்தம் உள்ளவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டிவைத்து, ஒரு பிசியோதெரபிப் பிள்ளை கும்மியும் கோலாட்டமும் ஆடவைத்தாள். கோலாட்டம் முதல் நாளே குழம்பிப்போனது. நடுங்குகிற கைகளில் தடி நிற்குமா? ஒருவர் தடி பறந்துபோய் மற்றவரின் மடியில் விழுந்தது. கும்மிதான் சரிவந்தது. வட்டமாக நின்று தாளத்துக்குக் கை தட்டிக் கால் மாற்றியபோது, வாசலைத் தாண்ட முடியாமல் நின்றவர்கள் தாண்டிப்போனார்கள். அம்மா கும்மியில் குனிந்து நிமிர்ந்து ஒரு வட்டம் முழுக்கச் சுற்றி வந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அப்பா இதைப் பார்க்கவில்லை. "கும்மி பொம்பிளையளின்ரை ஆட்டம். நான் வெளியிலை இருக்கிறன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே கிடந்த வாங்கில் இருந்துவிட்டார். வகுப்பு முடிந்து அந்தப் பிள்ளை வந்து, "அவவை இழுக்காதையுங்கோ ஐயா. பக்கத்திலை நிண்டு தாளத்தைக் குடுங்கோ. கால் தானா வரும்" என்றாள். அப்பா தலையாட்டினார். பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கிறவர்களுக்கு ஆட்டுகிற தலையாட்டல் அது. நான் நம்பவில்லை.

ஆனால் அடுத்த கிழமை ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்குகிறது, அம்மா அடுப்படி வாசலில் நிற்கிறார், கால் வரவில்லை. நான் தலை இழுத்துக்கொண்டிருந்த சீப்போடு ஓடி வருவதற்குள் கை தட்டும் சத்தம் கேட்டது. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். கும்மிப் பாட்டு அவருக்குத் தெரியாது. தெரிந்ததைப் பாடினார். "கொக்குவில் தாவடி இணுவில் வந்தாச்சு, மருதனார்மடம் தாண்டியாச்சு, சுன்னாகம் இறங்கிறாக்கள் இறங்குங்கோ" என்று கும்மி மெட்டில் பஸ் போகிற ஊர்களைச் சொல்லித் தட்ட, அம்மா வாசலைத் தாண்டிப்போய் அடுப்பை நிற்பாட்டினார். பால் பாதி வெளியில்தான். அதை யார் பார்த்தார்கள்? அம்மாவின் தோள் குலுங்கியது. முகம் சிரிக்காதுபோனாலும் அவர் சிரிக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பஸ் ஓயாமல் ஓடியது. படுக்கையிலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து சுவாமி அறைக்கு, சில பின்னேரங்களில் ஒழுங்கை முடக்குவரைக்கும் அப்பா தட்டிக்கொண்டு போவார். ஒழுங்கையில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். வயதுபோன காலத்தில் புருஷனும் பெண்சாதியும் கும்மியடிக்கிறார்கள் என்று சிரித்தார்கள். அப்பா அவர்களையும் விடவில்லை. "ரிக்கெற் எடுக்காமல் பாக்கேலாது" என்றார். பயணிகள் சுணங்கினால் பொறுக்காத மனிதர், மல்லாகம் தாண்டியும் அம்மா அசையாவிட்டால் திரும்பக் கொக்குவிலில் இருந்து தொடங்கினார். அவ்வளவு பொறுமை அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அம்மா என்னுடைய தட்டுக்கும் நடப்பார்தான், ஆனால் கால் யோசித்து யோசித்துத்தான் வரும். அப்பா தட்டினால் உடனே வரும்.

அப்பா போனது ஒரு காலையில், மருதனார்மடம் சந்தையில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது. மாரடைப்பு. சந்தைக்குப் போகமுதல் அம்மாவைப் பின் விறாந்தைக் கதிரையில் இருத்தி, "இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தபோது முன்பக்கம் முழுக்க ஆட்கள். அம்மா பின் விறாந்தையில் அதே கதிரையில் இருந்தார். முன்னால் ஆட்கள் அழுது குழறியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது. எழும்பி வர முடியவில்லை. எழுப்பத் தெரிந்தவர் வரவில்லை. என்னைக் கண்டதும், "அப்பாவே?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன்.

மறுநாள் கிரியைகள் முடிந்து வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவை நான் அறையிலிருந்து கூட்டி வந்தேன். முன்வாசலில் கால் நின்றுவிட்டது. பந்தலில் அப்பாவின் முகம் அங்கிருந்தே தெரிந்தது. இரண்டு பெண்கள் ஓடி வந்து அம்மாவின் கைகளைப் பிடித்து இழுத்தார்கள். நான் அவர்களைத் தள்ளிவிட்டேன். தூக்கிக்கொண்டு போவோம் என்றார் ஒருவர். அம்மா என் கையை இறுக்கினார். தன் காலால் போக வேண்டும் என்பது அந்த இறுக்கலில் இருந்தது. அப்பாவிடம் அவர் சாமானைப் போலத் தூக்கப்பட்டுப் போய்ச் சேர்வதை நானும் விரும்பவில்லை. "மனிசன் செத்துக் கிடக்குது, ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லையே உவவுக்கு" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. குருக்கள் நேரம் போகிறது என்றார்.

நான் கை தட்டினேன். முதல் தட்டுக்கே குழறல் எல்லாம் நின்றுவிட்டது. கொக்குவில் என்று தொடங்கினேன், தாவடி என்றேன். "எடியே, உனக்கு விசரே? செத்தவீட்டிலை கை தட்டுறாய்!" என்று மாமி என் தோளைப் பிடித்தார். நான் நிற்பாட்டவில்லை. அம்மாவின் கால் எழும்பியது. வாசலைத் தாண்டி, படி இறங்கி, கும்மியில் பழகிய மாதிரியே குனிந்து நிமிர்ந்து அவர் பெட்டியடிக்குப் போய்ச் சேர்ந்தார். நடுங்குகிற கையால் அரிசி போட்டார். பாதி அரிசி அப்பாவின் சேர்ட்டில் சிந்தியது. பிறகு பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டியை மூட வேண்டும். தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். அம்மா அசையவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமிதான் என் காதடியில் வந்து, "தட்டு பிள்ளை, தட்டிக் கூட்டிக்கொண்டு போ" என்றார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. நான் கைகளை உயர்த்தினேன்.

"தட்டாதை பிள்ளை."

அம்மாவின் குரலையும் அந்த வருத்தம் சின்னதாக்கிவிட்டிருந்தது. என்னையும் மாமியையும் தவிர வேறு ஒருவருக்கும் அது கேட்டிருக்காது. நான் கையைக் கீழே விட்டேன். மாமி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு அழுதார். தூக்க வந்தவர்கள் அம்மாவின் விரல்களை மெல்ல எடுத்துவிட்டுப் பெட்டியை மூடி மற்றப் பக்கத்தால் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா திரும்பவில்லை. ஆட்கள் எல்லோரும் தெருப் படலைவரை போய்விட்டார்கள். அம்மா வெறும் பந்தலைப் பார்த்தபடி நின்றார், நான் பக்கத்தில் நின்றேன். வீடியோவில் இந்தப் பகுதி இல்லை. கமெரா பெட்டியோடு போய்விட்டது.

இப்போது காலையில் நான்தான் தட்டுகிறேன். அநேகமாகக் கால் வருகிறது. சனிக்கிழமை வகுப்புக்கும் போகிறோம். சில நாட்களில் எத்தனை தரம் தட்டினாலும் கால் வராது. காலை நிறுத்துவது அந்த வருத்தமா அம்மாவா என்று எனக்குத் தெரிவதில்லை. கேட்பதற்கும் பயமாக இருக்கிறது. அப்படியான நாட்களில் தட்டுவதை விட்டுவிட்டு, அவர் நிற்கும் இடத்திலேயே நானும் பக்கத்தில் நிற்கிறேன்.