என் நெஞ்சுக்குள் அவர்கள் பேட்டரி

முதலில் வந்த தலைச்சுற்றலுக்குச் சூளையின்மேல் பழி போட்டோம். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. மயக்கம் வந்தால் சூடு, மோர் குடித்தால் சரியாகிவிடும். நானும் மோர் குடித்தே ஒரு மாதம் ஓட்டினேன். எங்கள் யூனிட்டில் பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருந்த இடத்திலேயே சரிந்த பிறகுதான் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இதயத்தில் மின்தடை என்றார் டாக்டர் (மேலறையிலிருந்து துடிப்புச் செய்தி கீழறைக்குப் போய்ச் சேராத நிலை). பேஸ்மேக்கர் (துடிப்பை எடுத்துக்கொடுக்கும் சிறு கருவி) வைத்தார்கள். தோளுக்குக் கீழே ஒரு மேடு. பல வருஷம் உழைக்கும் என்றார்கள். நம்பி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் வருஷம், எங்களிடம் கப் வாங்கி விற்கும் மங்கலம்பேட்டை பாய் சரக்கெடுக்க வந்தார். பேச்சோடு பேச்சாக என் கருவி எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். சொன்னேன்.

"துபாயில எங்க அண்ணனுக்கும் அதேதான்க்கா. பேட்டரி திடீர்னு நின்னு போவுதாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி வரச்சொல்லி மாத்திட்டாங்க. உங்களுக்கு மாத்தியாச்சா?"

எனக்கு யார் சொன்னது? மறுநாளே டாக்டரிடம் போனோம்.

"கம்பெனி எங்களுக்கே இப்பத்தாம்மா சொல்லியிருக்காங்க. உங்களுதும் அந்த பேட்ச்தான். கட்டாயம் பழுதாகும்னு இல்ல. ஆனா உங்க இதயம் தானா துடிக்கல. அது நின்னா..." திறந்து மாற்றினால் தொற்று வரலாம், விட்டால் நின்றுபோகலாம் என்றார். மாற்றுவது என்று முடிவு செய்தோம். கம்பெனி புதுக் கருவி அனுப்பும்வரை காத்திருக்கச் சொன்னார்.

அந்த நாட்களைத்தான் மறக்க முடியவில்லை. குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்பார் என் வீட்டுக்காரர். தனியாகப் பஸ் ஏற விடமாட்டார். பிடிக்காத வீட்டிலிருந்து வெளியேறலாம், ஊரைவிட்டுக்கூட ஓடலாம். நெஞ்சுக்குள் வைத்துத் தைத்ததிலிருந்து எங்கே ஓடுவது? பயந்தேன். அழுதேன். சோறு இறங்கவில்லை.

கம்பெனி ஆள் ஒருவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். "பயப்படாதீங்க மேடம். ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி."

என் வீட்டுக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். "கப்புல கோடு வுழுந்துதுன்னு தெரிஞ்சாலே கடைக்கெல்லாம் போன் போட்டுத் திருப்பி எடுத்துக்குவோம் சார். ஒழுகினா டீதான் போவும். நீங்க ஏன் எங்களுக்கு ஒரு போன் போடல?"

"பேஷண்ட்டுக்கு நேரா சொல்ற வழக்கமில்ல சார்."

"துபாயில சொன்னாங்களே?" என்றேன்.

"அங்க ரூல்ஸு வேற மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவரும் சம்பளத்துக்கு வந்தவர்தான், தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

இதே போன்ற கருவியோடு வாழ்கிறவர்களே, வைத்தபோது தந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும், இந்தக் கருவியைப் பற்றிப் புகார் வந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

எனக்கு மாற்றிவிட்டார்கள். தொற்று ஏதும் வரவில்லை, தையலும் ஆறிவிட்டது. கருவி இலவசம். ஆனால் அதுவும் அதே கம்பெனிதான். வேறு கம்பெனி வேண்டுமென்றால் முழுச் செலவும் எங்களுடையது, அதற்கு எங்களால் ஆகாது.

நன்றாகத்தான் இருக்கிறேன். படியேறுகிறேன், வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் அடுத்த பொங்கல், அடுத்த ஆடி என்று காலம் நீளமாகக் கிடந்தது. இப்போது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிறேன். அடுத்தது வந்துவிடுகிறது. அவர்கள்தான் அனுப்புகிறார்கள்.