பானட்டை மூடிய பூ

என் கணவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் சீக்கிரம் சூடாகிவிடும். அதற்காக அவர் பெரிய ஃபேன் மாட்டினார். சூடு வெளியேற பானட்டில் ஆறு கீற்றுகள் வெட்டினார். எனக்கு அது கேரட் துருவி மாதிரியே தெரிந்தது.

என் தங்கையின் கல்யாணம் குடுமியான்மலையில் நடந்தது. மணமக்களை இலுப்பூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துவர அந்தக் கார்தான். "அந்த ஓட்டையெல்லாம் தெரியாம மூடிருங்க" என்று பூக்காரரிடம் சொன்னேன். அவரும் பானட் முழுக்கச் சம்பங்கியைப் பாய்போல விரித்துக் கட்டி, முன் கிரில்லை ரோஜா மாலையால் அடைத்துவிட்டார்.

"இப்பத்தாங்க வண்டி அழகா இருக்கு!" என்றேன். கணவர் ஏதோ சொல்ல வந்தவர், சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

உச்சி வெயிலில் குடுமியான்மலைத் தெருவில் மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து போனோம். திடீரெனப் பூவுக்குள்ளிருந்து ஆவி பொங்கியது. மணமக்கள் பதறி இறங்கினார்கள். கணவர் பூவை அறுத்துப் பானட்டைத் தூக்கியதும், நான் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். அவர் என் கையை வெடுக்கென்று இழுத்தார்.

"கொதிக்கிற தண்ணி மூஞ்சியிலயே அடிக்கும்மா!"

இன்ஜின் ஆறக் காத்திருந்தபோது கேட்டேன். "பூ காத்த அடைக்கும்னு தெரிஞ்சும் ஏங்க பேசாம இருந்தீங்க?"

"நீ இந்த வண்டிய அழகா இருக்குன்னு சொன்னதே இன்னைக்குத்தானே."

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்கும் பூ டிக்கியில் மட்டும்தான். கிளம்பும்முன் கீற்றுகளில் சருகு அடைத்திருக்கிறதா என்று நானே பார்க்கிறேன். வண்டி அழகாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், பூ இல்லாமலே.