கோயில் வெயில் கணக்கில் வராதா?

மூன்று வாரங்களுக்கு முன் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்து, ஒரு பாரத்தில் பொய் எழுதினேன். அது பொய் என்று எனக்கே தெரியவில்லை... அதுதான் வேடிக்கை.

சரோஜா அக்கா என் பெரியம்மா மகள். செங்கல்பட்டில் எங்களுக்கு அடுத்த தெரு. அவள் மகள் கலைவாணி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். வயது இருபத்தாறு. தாடையில் முடி வளரும். வருடக்கணக்காக நூல் போட்டு எடுத்து எடுத்து, அந்த இடமே புள்ளி புள்ளியாகக் கறுத்துவிட்டது. யாரோடு பேசினாலும் துப்பட்டா நுனியைத் தாடையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

இப்போதுதான் லைட் அடித்து முடியை வேரோடு சுடுகிற மெஷின் வந்திருக்கிறதே... செய்யூரிலிருந்து ஒரு வரன் பெண் பார்க்க வருவதற்குள் ஒரு சிட்டிங்காவது முடித்துவிட வேண்டும் என்று கலைக்குத் தவிப்பு.

வெளிச்சம் எப்படி முடியைச் சுடும்? எனக்கு மண்டை குடைந்தது. முதல் தடவை போனபோதே நர்ஸ் ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த லைட்டு கறுப்பைத் தேடிப் போகும்மா. முடி கறுப்பு. அது வழியா எறங்கி வேருக்குப் போயிடும். தோலும் வெயில்ல கறுத்திருந்தா, எது முடி, எது தோலுன்னு அதுக்குத் தெரியாது. தோலைச் சுட்டுடும்."

ஆக, தயாரிப்பு முழுக்க நம் வழக்கத்துக்குத் தலைகீழ். நூல் போடக் கூடாது - வேர் இருந்தால்தானே லைட்டுக்கு வேலை? ப்ளீச் கூடாது. மஞ்சள் கூடாது. ஒரு மாதம் வெயில் படக் கூடாது. வருவதற்கு முதல் நாள் ரேசரால் மழித்துவிட்டு வர வேண்டும்.

கடைசி விஷயத்தில் அக்கா ஆடிப்போனாள். "பொம்பளப் புள்ள மூஞ்சில ஷேவிங்கா? இன்னா கூத்து இது?"

புலம்பினாளே தவிர, சொன்னது எல்லாவற்றையும் செய்தாள். குளியலறையிலிருந்த மஞ்சளை எடுத்து ஒளித்தாள். கலையின் ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கி, குடையைக் கையில் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் மூவரும் போனோம். பாரம் இங்கிலீஷில் இருந்ததால் பேனா என் கைக்கு வந்தது. கடந்த நான்கு வாரங்களில் வெயிலில் இருந்தீர்களா?

"அவ எங்க வெயில்ல போனா? வூட்டை வுட்டா சென்டரு, சென்டரை வுட்டா வூடு" என்றாள் அக்கா. 'இல்லை' என்று டிக் அடித்தேன்.

ஸ்டெல்லா, போன மாதம் எடுத்த போட்டோவையும் கலையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கயாவது டூர் போனீங்களா?"

"டூரெல்லாம் இல்லம்மா. போன ஞாயித்துக்கிழமை திருவிடந்தைக்குப் போய்ட்டு வந்தோம்."

கல்யாணம் கூடி வர வேண்டுமென்றால், அங்கே பெருமாளிடமிருந்து மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். ஸ்டெல்லாவுக்கும் அது தெரிந்திருந்தது. "எத்தனை மணிக்கும்மா?"

"பதினோரு மணி இருக்கும். அப்புறம் அப்படியே மகாபலிபுரம் பீச்சுக்கு..."

"குடை?"

"சாமி மாலையைப் போட்டுகினு யாராவது குடை புடிப்பாங்களா? சாமியைச் சுத்துனது வெயில்ல சேருமா இன்னா?"

அக்காவைக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை. அந்த ஒன்பது சுற்றும் நானும் கூடவே நடந்தேன். உள்ளங்கால் கொப்பளித்து, வெளியே வந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தேன். ஆனாலும் 'இல்லை' என்று எழுதியது இந்தக் கைதான். நமக்குச் சில வெயில்கள் வெயிலே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? கோயில் வெயில், கல்யாணப் பத்திரிகை வைக்க அலைகிற வெயில், வடாம் காயப் போடுகிற வெயில்... டாக்டர் கேட்டால் 'வெளியிலேயே போகவில்லை' என்போம். மனசாரத்தான் சொல்வோம்.

"இன்னிக்குப் போட்டா தோல் வெந்துடும்மா. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார் ஸ்டெல்லா.

பெண் பார்க்க வருவதோ எட்டே நாளில். ரயிலில் திரும்பும்போது சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் கலை துப்பட்டா நுனியைத் தாடைக்கு இழுத்துக்கொண்டாள். அப்புறம், "இந்த மூஞ்சியோடவா சித்தி போய் உக்காரணும்?" என்றாள். நூல் போட்டால் அன்றைக்கு முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வேர் போய்விடும், சிகிச்சை மறுபடியும் தள்ளிப்போகும்.

அவள் நூல் போடவில்லை. பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, புது ரேசரோடு குளியலறைக்குள் போனாள். உறவுக்காரர்கள் யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று அக்கா வாசலில் காவல் நின்றாள்.

மாப்பிள்ளை செல்வம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டார். இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். நான் படிக்கட்டில் நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கலை ஒளிக்காமல் சொன்னாள். "எனக்குத் தாடையில முடி வளரும். காலையில ஷேவ் பண்ணிட்டுத்தான் வந்து உக்காந்தேன். லைட் ட்ரீட்மென்ட் எடுத்துக்கப் போறேன். ஆறேழு தடவை போகணும்."

நான் இன்னும் இரண்டு படி ஏறிக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"லைட்டுன்னா... கண்ணுக்குக் கண்ணாடி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"லைட்டு அடிக்கிறவங்களுக்கு மட்டுமா, உங்களுக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். முடியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தினமும் பாதுகாப்புக் கவசம் மாட்டிக்கொண்டே வேலைக்குள் நுழைகிற மனிதருக்கு அதுதானே முதலில் தோன்றும்? கலை சிரிப்பது கேட்டது. படியிறங்கி வந்தபோது துப்பட்டா தோளில் கிடந்தது.

ஆவணியில் கல்யாணம். முடிந்ததும், வழக்கப்படி அன்று வாங்கிய அதே பழைய மாலையை எடுத்துக்கொண்டு, ஜோடியாகத் திருவிடந்தைக்குப் போய்ச் சுற்ற வேண்டும். அதற்குள் லைட் சிட்டிங்கும் ஆரம்பித்திருக்கும். என்ன செய்வாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

"விடியக்காத்தால மொத பஸ்ஸைப் புடிச்சுப் போய்டணும். வெயிலுக்கு முன்னால சுத்துனா பெருமாளுக்குக் கண்ணு தெரியாமயா பூடும்?"