சொல்லொணாத் துயரும் ஒரு கயிறும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 20, திங்கட்கிழமை. விடியற்காலை முதல் தூறல். வெயில் தலைகாட்டவே இல்லை. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒச்சாயிக்குத் துணையாக நின்றிருந்தேன்.

ஒச்சாயி ஆனையூரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அழகர்கோவில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்தபின் மகள் தங்கப்பொண்ணைத் தனியாக வளர்த்தார். அவர்கள் தெருவின் ஒரே கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. புரட்டாசி மழையில் தங்கப்பொண்ணு வழுக்கி உள்ளே விழுந்தாள். உயிர் தப்பினாள், கால் முறிந்தது. அடுத்து ஒருத்தி விழுமுன் சுவர் வேண்டும் என்பதே ஒச்சாயியின் கோரிக்கை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்பதால் மனு எழுத என்னிடம் வந்தார்.

"அன்னையிலருந்து இடுப்புல கயித்தக் கட்டி, மறு நுனிய பூவரச மரத்துல கட்டிக்கிட்டுத்தான் தண்ணி எறைக்கிறோம் சார். அம்புட்டுப் பயம்."

"இதெல்லாம் மனுவில் வராதும்மா" என்றேன். 'சொல்லொணாத் துயரில் வாடும் ஏழை எளியோரின் கண்ணீரைத் துடைத்து, கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு' என்று எழுதினேன். ஒரு சந்திப்பிழை இல்லை. மறுமொழியும் இல்லை. இரண்டாம் மனுவில் 'ஆறாத' என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தேன்.

அன்று தாழ்வாரத்தில் நாங்கள் காத்திருக்கையில், உள்ளே எழுத்தர் முத்திருளன் மனுக்கட்டைப் பிரித்தபடி பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார்:

"மாப்ள, கிணத்துக்காரிக்கும் சொல்லொணாத் துயரு, பட்டா கேக்குறவனுக்கும் சொல்லொணாத் துயரு. ஊருக்குள்ள பஸ்ஸு நிக்கலையாம், அவனுக்கும் கண்ணீரத் தொடைக்கணுமாம். எம்புட்டுத் துண்டுக்குடா நான் போவேன்?"

இருவரும் சிரித்தார்கள். பட்டா மனுவும் பேருந்து மனுவும்கூட நான் எழுதியவையே. முப்பத்தோர் ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளில் இத்தகைய தொடர்களைக் கண்டால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டவன் நான். குடையை விரிப்பதுபோல் பாவனை செய்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதிகாரி ஒச்சாயியை அழைத்தார். நானும் பின்னால் சென்றேன்.

"கிணறு எப்படிம்மா இருக்கு?"

ஒச்சாயி கயிற்றைப் பற்றிச் சொன்னார். அது உராய்ந்து சேலை நைந்திருந்த இடத்தையும் காட்டினார். அதிகாரி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். ஆழம் கேட்டார், மரம் எத்தனை அடி தள்ளி என்று கேட்டார். மனுவின் ஓரத்தில் 'நாளையே நேரில் பார்க்க' என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு மனு குடுத்திருக்க. இந்தக் கயித்துச் சங்கதிய ஏம்மா எழுதல?"

ஒச்சாயி என் பக்கம் திரும்பவில்லை.

"வாத்தியாரு அதெல்லாம் மனுவுல வராதுன்னாருங்கய்யா."