அம்மாவின் இரண்டு விலைவாசி

அடுக்களை வாசலில் டேப்லெட்டோடு நின்றபோதுதான் அது பொறிதட்டியது. எங்கள் பல்கலைக்கழகத்தின் விலைவாசிக் கணக்கெடுப்பு மறுவாரம் ஓசூரில் தொடங்கவிருந்தது. கேள்விகள் எல்லாம் தமிழில். ஒத்திகைக்கு அம்மாவைப் பிடித்தேன்.

"அடுத்த ஓராண்டில் பொருட்களின் விலை எவ்வாறு இருக்கும் எனத் தாங்கள் கருதுகிறீர்கள்?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் ரெண்டு மடங்கு ஆயிருங்க" என்றாள். பெற்ற மகளிடம் 'ங்க'!

நான் பதிவு செய்வதற்குள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அப்பாலிருந்து எண்ணெய் விலையைப் பற்றித் தெலுங்கில் புலம்பினாள். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். "என்ன பெருசா ஏறிடப் போவுது, வருசா வருசம் ஏர்றதுதான்" என்று அம்மா தெலுங்கில் ஆறுதல் சொன்னாள்.

"இப்பத்தானம்மா ரெண்டு மடங்குன்னே?"

"அது கவர்மெண்டுக்கு. கொறச்சிச் சொல்லி, ரேசன்ல எதனா நிறுத்திட்டா?"

"கேட்டது நான்மா!"

"நீ கேட்ட மாதிரியா இருந்துச்சு? 'தாங்கள்'னு நம்ம வூட்ல எவ பேசுறா?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. விலை எவ்வளவு ஏறும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பதையும் பார்த்துத்தான் மத்திய வங்கி வட்டியை முடிவு செய்கிறது. கேட்கிற மொழியே பதிலை மாற்றிவிடுமானால், மூன்று மொழி புழங்கும் இந்த எல்லையில் நாங்கள் எதைத்தான் அளக்கிறோம்?

எங்கள் தெருவையே சுற்றிவந்தேன். முதலில் தமிழில் கேட்டேன், பிறகு அவரவர் வீட்டு மொழியில். தெலுங்கில் கேட்டதும் அவர்கள் சொன்ன விலை சட்டென்று இறங்கியது. ஒரு லேத் ஆபரேட்டர் அண்ணனிடம் மட்டும் கன்னடத்தில் கேட்டதும் ஏறியது. வீட்டில் பேசுவதும் அதுதான் என்றாலும், அவர் வேலை செய்யும் கம்பெனியில் மேனேஜர்கள் பேசுவதும் கன்னடம். "இன்கிரிமெண்ட்டுக்கா கேக்குற? அப்போ நல்லா ஏத்தியே போட்டுக்கோம்மா."

அன்றிரவு எழுத உட்கார்ந்தவள், கட்டுரையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

என் வழிகாட்டி மத்திய வங்கியின் ஆய்வுத் துறையில் பல வருடம் இருந்துவிட்டுப் பெங்களூரில் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர். அதே துறையில் ஓர் இளநிலை ஆய்வாளர் இடத்துக்கு நான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரையும் அவர் பரிந்துரையும் வேண்டும். விண்ணப்பிக்க மறுநாள் மாலைதான் கடைசி. ஒரே மொழியில் கேட்கும் அந்தக் கணக்கெடுப்போ, அவரே பார்த்துப் பார்த்து உருவாக்கியது.

காலையில் அவர் அறைக்குப் போய்க் கொடுத்தேன். கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"எல்லா வீட்லயும் தமிழ்லதான் முதல்ல கேட்டியா?"

"ஆமா சார்."

"ரெண்டாவது தடவை கேக்கும்போது நீ அவங்களுக்குப் பழகின ஆள். அதுவும் உன் சொந்தத் தெரு. மாறினது பாஷையாலயா, பழக்கத்தாலயா?"

அக்கா, அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்த வாசல்கள் அவை. அந்த நெருக்கத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"உங்க சர்வேவைக் குறை சொல்றேன்னு கோவமா சார்?"

"கோவம் இருக்கு. அது வேற. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கலை சார்" என்றேன். அவர் கட்டுரையைத் தள்ளி வைத்தார். "இதை எடுத்துடு. உன் தீசிஸோட பழைய அத்தியாயத்தை அனுப்பு. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

பழைய அத்தியாயம் முழுவதும் அதே கணக்கெடுப்பின் முந்தைய சுற்று எண்களால் கட்டியது. அம்மாவின் 'ரெண்டு மடங்கு' போன்ற பதில்கள் அதற்குள் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பேனா அவர் கையில் தயாராக இருந்தது.

"இந்த வருசம் நான் அப்ளை பண்ணலை சார்."

"பைத்தியமா உனக்கு? அடுத்த வருசம் இந்த போஸ்ட் வருமான்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாது சார்."

அவர் பேனாவை மூடினார். "அப்போ ஒழுங்கா பண்ணிட்டு வா. அரைகுறையா கொண்டுவந்தா நானே கிழிச்சுப் போடுவேன்."

ஓசூர் திரும்பும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். அவர் "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வரும் ஞாயிறு எல்லையோரக் கிராமமான ஜவளகிரிக்குப் போகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் நாணயத்தைச் சுண்டி, விழுவதைப் பார்த்துத் தமிழா, அந்த வீட்டு மொழியா என்று முடிவு செய்வேன். ஒரு வீட்டில் ஒரே மொழி, ஒரே தடவை. அதற்குப் பிறகும் பதில்கள் மொழிவாரியாகப் பிரிந்து நின்றால் சார் கதவைத் தட்டுவேன். பிரியாவிட்டாலும் தட்டித்தான் ஆகவேண்டும்.